திரும்பி வரும் தொண்டு

பூம்புகாரில் உறைவிடமற்றோர்க்கு உலகவறவி என்னும் அம்பலம் இருந்ததென மணிமேகலை காட்டும். நம் காலத்தில், 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் புகலிடமொன்று வேண்டுமென வகுத்தது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்பத்தூரில் 4,66,205 பேர். ஆவடியில் 3,45,996 பேர். அவ்வளவைக்கொண்டு நோக்கின், முன்னதற்கு நான்கும் பின்னதற்கு மூன்றும் வேண்டும்.

கூரை அரசின் கடன். பெயர் சொல்லி விளிக்கும் உறவோ திருச்சபைத் தொண்டரின் கடன். நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு அமையாது, சத்திரத்தானிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகவும் உரைத்தான். கிறிஸ்து பிறப்பு நாளில் ஒருமுறை போர்வை ஈதல் எளிது. வாரந்தோறும் செல்லுதலே அரிது.

வாழ்வின் நோக்கம் யாதென வினவும் மாணவராகிய நாம், நம் வரவை எதிர்நோக்கியிருக்கும் ஒருவரை அங்குப் பெறுவோமாயின், அவ்வினாவுக்கு விடை பெற்றவராவோம்.