தொண்டையின் சிறு சுரப்பிகளில் வரும் அரிய புற்றுநோய்



தொண்டைப் புற்றுநோய் என்றதும் புகையிலைதான் நினைவுக்கு வருகிறது. புகையிலையைத் தொட்டறியாதவர்களுக்கும் வரக்கூடிய ஓர் அரிய புற்றுநோயைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் நமக்கு மூன்று ஜோடி உண்டு. இவையன்றி, வாய், அண்ணம், அடிநாக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்தோலுக்கு அடியில் 600 முதல் 1,000 வரை சிறு சுரப்பிகளையும் தேவன் வைத்திருக்கிறார். காதடியிலுள்ள பெரிய சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறு சுரப்பிகளில் வரும் கட்டிகளிலோ ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கக்கூடும்.

அவற்றுள் ஒன்று 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா'. இது மெதுவாக வளரும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆகவே பலர் தாமதித்தே வருகிறார்கள். தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு, விழுங்குவதில் சிரமம், குரல் மாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். நரம்புகளைப் பற்றிக்கொண்டு பரவும் நோயாதலால், நாக்கு மரத்துப்போவதையும் அலட்சியம் செய்யக்கூடாது.

கண்ணால் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய இயலாது. சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். நரம்பு வழியே எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், நுரையீரலை சி.டி. ஸ்கேன் காட்டும். இதற்காகச் செல்லும் நாட்கள் வீணல்ல. சாதாரணத் தொண்டைப் புற்றுநோய் பலருக்குக் கதிர்வீச்சினாலேயே குணமாகிறது. இந்நோய்க்கோ, இயன்றவரை அறுவை சிகிச்சையே முதன்மையானது; அதன்பின் பெரும்பாலும் கதிர்வீச்சும் தேவைப்படும். மருந்துகளுக்கு இது எளிதில் கட்டுப்படுவதில்லை.

புற்றுநோயில் 5 ஆண்டுகள் கடந்தால் ஆபத்து நீங்கிற்று என்று பலர் எண்ணுகிறார்கள். இந்நோய் 10, 15 ஆண்டுகளுக்குப் பின்னும் நுரையீரலில் தோன்றக்கூடும். ஆகையால் நலமாயிருப்பவரும் தொடர்ந்து பரிசோதனைக்கு வரவேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. பேருந்துச் செலவு வேறு. உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது, அவர் வராமல் நின்றுவிடுவது எளிது.

அறுவை சிகிச்சைக்கு உதவ வேண்டிய அவசரம் எவருக்கும் விளங்கும். பத்தாம் ஆண்டின் பரிசோதனைக்குக் கொடுக்கும் காணிக்கையும் அதே ஊழியத்தின் பங்குதான். அதை மறவாதிருக்க உங்களை அன்புடன் வேண்டுகிறோம்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ எவருக்காவது வாயில் கட்டியோ, குரல் மாற்றமோ மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலி இல்லையென்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீண்ட காலம் பொறுமையோடு சிகிச்சையைத் தொடரும் நோயாளிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள்.