ரோடு இல்லாத இடத்தில் பைக்: ஒரு மெக்கானிக்கல் பாடம்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)

கேண்டீனில் உட்கார்ந்தால் இப்போது ஒரே பேச்சு 'ஆஃப் ரோடு'தான். லடாக், கர்துங் லா, உம்லிங் லா என்று திண்டிவனத்தைத் தாண்டாதவர்கள்கூட ஊர்ப்பெயரை அடுக்குகிறார்கள். அந்த ஆசையில் நம் வகுப்பிலும் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. மே மாதம் தண்ணீர் வற்றியதும் மரக்காணம் பக்கம் கழுவெளிக்கு ஐந்தாறு வண்டிகளில் போய், ஏரிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கோடையில் எங்க ஊர் ஏரியில் நானும் என் சிநேகிதனும் ஒரு 150 சிசி வண்டியை இறக்கினோம். மேலே மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கீழே களி என்று தெரியாது. இருபதடி போனதும் முன் சக்கரம் புதைந்தது. பயத்தில் நான் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி ஒரே பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் கட்டோடு டிராயிங் பரீட்சை எழுத முடியுமா? அரியர் விழுந்தது. விழுந்தது அவனுக்கு, பிரேக் பிடித்தது நான்.

வண்டியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸ்எல்-லில் அதே ஏரியைக் கடந்து வந்தார். இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார். "தம்பி, மாடு போன தடத்துலயே போவணும். நடுவுல நிறுத்தக்கூடாது" என்றார். அப்புறம் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

அவர் சொன்னதில் இரண்டு பாடம் இருக்கிறது. மாடுகள் நடந்து நடந்து மண் இறுகிய இடம்தான் தடம்; அது சுமை தாங்கும். இரண்டாவது, உருளும் சக்கரத்தைவிட நின்ற சக்கரத்தை மறுபடி கிளப்ப அதிக விசை வேண்டும். அந்த விசையில் பின் சக்கரம் சுழன்று தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றழுத்தம்தான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் எடை 196 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 266. காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள்: இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 126 சதுர செ.மீ. தபால் ஆபீஸ் போஸ்ட் கார்டு 14-க்கு 9 செ.மீ., அதே 126! அத்தனை எடையும் ஒரு கார்டு மேல் நிற்கிறது. காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால் பரப்பு 210 ஆகிறது. மணலில் இறங்குபவர்கள் காற்றை இறக்குவது இதற்காகத்தான். தார் ரோடு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறும், பள்ளத்தில் ரிம் நசுங்கும்.

இந்தக் கணக்குப்படி எடை கூடினால் பரப்பு கூடுமே தவிர அழுத்தம் மாறாது. அப்படியானால் 90 கிலோவுக்குள் இருக்கும் எக்ஸ்எல் எங்கே ஜெயிக்கிறது? மாட்டிக்கொண்டால் ஒரே ஆள் தூக்கிவிடலாம், அவ்வளவுதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, மறுநாள் நம் மாவட்டமே தண்ணீரில் நின்றது ஞாபகம் இருக்கும். எங்க தெருவுக்கு வரும் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா பால் கேனைக் கட்டிக்கொண்டு எக்ஸ்எல்-லைத் தள்ளியும் ஓட்டியும் போய்ச் சேர்ந்தார். அதை யாரும் அட்வென்ச்சர் என்று சொல்லவில்லை.

சிரிக்காதீர்கள். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 செய்த அதே கம்பெனியின் பெயர்தான் பின்னாளில் டக்கார் ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணியாக ஓடியது. 2024-ல் அந்த அணிக்காக சவூதி அரேபியப் பாலைவனத்தில் ஓட்டிய கேரளத்து ஹரித் நோவா, ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார். டக்காரை முழுவதும் ஓட்டி முடித்த முதல் இந்தியர் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ், அது 2015. அவ்வளவு பழகியவரே 2021 டக்காரில் விழுந்து, கோமாவில் வைத்து சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஹெல்மெட், கவசம், டாக்டர், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது. எங்க ஏரியில் எங்களிடம் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீர்.

அவர்கள் ஓட்டும் முறையையாவது கவனிக்கலாம். குண்டு குழியில் உட்காருவதில்லை. ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நிற்பார்கள். முழங்கால் இரண்டும் இன்னொரு ஷாக் அப்சார்பராகிவிடும். வண்டி கீழே எப்படி ஆடினாலும் உடம்பு அதோடு ஆடாது. இந்த வண்டிகளுக்கு முன் சக்கரம் 21 அங்குலம் வைப்பதும் இதேபோல ஒரு காரணத்துக்குத்தான்: பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறும்.

சட்டத்துக்கு வருகிறேன். "ஏரிக்குள்ள ரோடே இல்ல, அப்புறம் ஹெல்மெட் எதுக்குடா?" என்று ஒருத்தன் கேட்டான். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில், பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் 'பொது இடம்'தான். ரோடாக இருக்க வேண்டியதில்லை. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாமே அங்கேயும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவது 52-வது பிரிவுக்கு விரோதம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். சேலை கார்டைக் கழற்றிவிட்டு ஸ்டைல் என்பவர்களுக்கு ஒரு செய்தி: பின் சக்கரத்தை மறைக்கும் அந்தக் காப்பு 1989 விதிகளிலேயே இருக்கிறது. முதலாண்டு தம்பிகள் கவனிக்க: 16 வயதில் 50 சிசி-க்கு மேல் ஓட்ட முடியாது. இன்றைய எக்ஸ்எல் 100 சிசி. பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் அப்பா தலையில் விழும்.

கழுவெளி விஷயம் இதைவிடப் பெரிது. அது 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 5,151 ஹெக்டேர். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், வண்டியோடு போவது இருக்கட்டும். மே மாதம் காய்ந்து கிடந்தாலும் சரணாலயம் சரணாலயம்தான். அந்தத் தரையும் எங்க ஏரி மாதிரி மேலே பாளம், கீழே களியாக இருந்தால், அத்தனை வண்டியையும் யார் தூக்குவது?

முறையாகக் கற்க வேண்டுமென்றால் கோலார் பக்கம் சந்தோஷ் ஆரம்பித்த பிக் ராக் டர்ட் பார்க் இருக்கிறது. அது நம் பாக்கெட்டுக்குத் தாங்காது. அதனால் திட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன். மல்லாட்டை பிடுங்கின பிறகு எங்க பெரியப்பா கொல்லை இரண்டு மாதம் சும்மா கிடக்கும். கேட்டேன், "வரப்ப உடைக்காம ஓட்டுங்கடா" என்றார். மணல் கலந்த செம்மண். ஒரு வண்டிக்கு ஓர் ஆள், பின்னால் யாரும் உட்காரக் கூடாது. காற்றழுத்த கேஜும் கைப்பம்பும் நான் கொண்டு வருகிறேன். மணிக்கட்டு முறிந்தவனும் வருகிறான். ஓட்ட அல்ல, ஒவ்வொருவர் ஹெல்மெட் பட்டையையும் சரிபார்க்க.