நாற்பதுக்குப் பிறகு மீண்டும் சிலம்பம்: எந்தக் களத்தில் சேரலாம்?



கோயில் கொடையில் பிள்ளைகள் கம்பு சுற்றுவதைப் பார்க்கும்போது உங்கள் கையும் துறுதுறுக்கிறதா? "நானும் ஒரு காலத்துல ஆடினவன்தான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பிரசுரம் உங்களுக்காகத்தான்.

கல்யாணம், பிள்ளைகள், வயல் வேலை என்று வந்த பிறகு களத்தை விட்டவர்கள் பலர். ஆண்கள் மட்டுமல்ல. சிறுமியாக இருந்தபோது கம்பு பிடித்து, வயதுக்கு வந்ததும் வீட்டாரால் நிறுத்தப்பட்ட பெண்களும் உண்டு. நாற்பது வயதில் மீண்டும் தொடங்கலாமா? தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் இருபது வயதில் ஆடிய உடம்பு வேறு, இன்றைய உடம்பு வேறு. இன்றைய உடம்புக்கு ஏற்ற களத்தைத் தேடிச் சேர வேண்டும்.

இப்படியும் நடக்கலாம்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு வயது 44. ஒரு நாள் சாயங்காலம், வீட்டில் சொல்லாமல், போட்டிக்குத் தயாராகும் இளைஞர்களோடு களத்தில் இறங்கிவிட்டார். கை பழைய வீச்சை மறக்கவில்லை. கால்தான் கூட வரவில்லை. மணிக்கட்டில் ஓர் அடி, எலும்பு முறிவு. அறுப்பு நேரத்தில் ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 170/100. அதுவரை அவருக்கே அது தெரியாது.

மனைவி சொன்னார்: "ஆடினது தப்பில்லீங்க. உடம்பையும் பாக்காம, எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம, சின்னப் பயலுகளோட போய் நின்னீங்களே, அதுதான் தப்பு."

அந்த அம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலும் வலி காட்டாமல் வரும். ஆகவே களத்துக்குப் போகும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் போங்கள். சோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் பார்த்துக்கொள்ளலாம்.

1. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாக்டரைக் கண்டு அதைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகு சேருங்கள். "ஆட ஆரம்பிச்சுட்டேன், இனி மாத்திரை எதுக்கு?" என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

2. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஆடக்கூடாது. மடியில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி அதை வாயில் போடுங்கள்.

3. நடந்தாலே மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, மூட்டு வீங்குகிறதா? டாக்டர் சரி என்று சொல்லும்வரை களம் வேண்டாம்.

4. கர்ப்பிணிகள் கம்பு மோதும் ஆட்டத்தில் இறங்கக்கூடாது. இருமும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிவது, அடி இறங்குவது போன்ற தொல்லை இருந்தால், கூச்சப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

5. "குடும்பநல ஆபரேஷன் பண்ணினவங்க கம்பு எடுக்கக்கூடாது, பலம் போயிரும்" என்று சிலர் சொல்வார்கள். இது வீண் பேச்சு. ஆணோ பெண்ணோ, டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்து புண் ஆறிவிட்டால் தடையேதும் இல்லை. அந்த ஆபரேஷனால் உடல் பலம் குறையாது.

சேரும் முன் இரண்டு நாள் பாருங்கள்

அடுத்த ஊரில் களம் இருந்தாலும் பரவாயில்லை. இருவரும் போய் இரண்டு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

● வாத்தியார் முதலில் காலடியை, அதாவது சுவட்டைச் சொல்லித் தருகிறாரா? வந்த அன்றைக்கே மோதவிடும் களம் நமக்கு ஆகாது.

● நம் வயதுக்காரர் ஒருவராவது ஆடுகிறாரா? இல்லையென்றால், தனியாக நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருவாரா என்று கேளுங்கள்.

● மோதும்போது தலைக்கவசம் போடுகிறார்களா? "அடி வாங்கினாத்தான் வித்தை வரும்" என்று பேசும் இடத்தை விட்டு விலகுங்கள்.

● ஆளுக்கு ஆள் போதிய இடைவெளி இருக்கிறதா? மேலே மின்கம்பி போகிறதா? தரை மேடுபள்ளமா? வெளிச்சம் போதுமா?

● தவறு செய்தவரிடம் வாத்தியார் எப்படிப் பேசுகிறார்? சிறுபிள்ளையை அடித்துத் திட்டுபவர் உங்களையும் மரியாதையாக நடத்தமாட்டார்.

● பெண்கள் வந்துபோக ஏற்ற திறந்த இடமா? வேறு பெண்கள் வருகிறார்களா?

● களத்தில் குடித்துவிட்டு வருபவர் உண்டா? உண்டென்றால் வேண்டவே வேண்டாம்.

● மாதக் கட்டணம் எவ்வளவு என்று தெளிவாகச் சொல்கிறாரா? பெருந்தொகையை முன்பணமாகக் கேட்டால் யோசியுங்கள்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. பதக்கத்துக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்யும் களங்களும் இருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் அந்த வேகம் நமக்குரியதல்ல. "வாத்தியாரே, எனக்குப் போட்டி வேண்டாம். உடம்பு நல்லா இருக்கணும், விட்டதைத் திரும்பப் பிடிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்காமல் ஒப்புக்கொள்கிறவரே உங்களுக்கு ஏற்ற வாத்தியார்.

பழைய பெருமையை வீட்டில் வையுங்கள்

சுவட்டின் பெயரும் முறையும் ஊருக்கு ஊர் மாறும். "எங்க வாத்தியார் இப்படியா சொல்லித் தந்தாரு?" என்று வாதம் பண்ணாதீர்கள். புது மாணவராகவே நில்லுங்கள். உங்களைவிடச் சிறியவர் சொல்லித் தந்தாலும் கற்றுக்கொள்வதில் குறைவில்லை.

முதல் மூன்று மாதம்

வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் போதும். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாவற்றையும் பத்து நிமிடம் இளக்கிய பிறகே கம்பை எடுங்கள். முதல் மாதம் சுவடு. அடுத்து, நெற்றி உயரத்தில் கனமில்லாத கம்பு கொண்டு மெதுவான வீச்சு. இரண்டு கையாலும் பழகுங்கள். மூன்று மாதத்துக்கு மோதல் வேண்டாம்.

"வயல்ல முறியறோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். வயல் வேலையும் உடலுழைப்புதான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. அந்தக் கணக்கில் வயல் வேலையும் சேரும். ஆனால் குனிந்தே செய்யும் வேலையில் தோள் மேலே எழும்புவதில்லை. சிலம்பத்தில் தோள் சுழலும், கால் நிதானம் பழகும்.

மறுநாள் உடம்பு வலிப்பது இயல்பு. ஆனால் ஆடும்போது நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் 'வாயு' என்று சொல்லிப் பொறுக்காதீர்கள். உடனே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் பேசி முடிவெடுங்கள்

கணவர் களத்துக்குப் போகும் நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது யார்? மனைவி போகும் நாளில் அடுப்பைப் பார்ப்பது யார்? இதை முன்கூட்டியே பேசுங்கள். ஒருவர் ஆட, இன்னொருவர் இரட்டை வேலை செய்வது நியாயமல்ல. நாள் மாற்றிப் போகலாம், முடிந்தால் சேர்ந்தே போகலாம். மனைவிக்கு ஆசை இருந்தால், "இந்த வயசுல உனக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். அதே வயதுதானே உங்களுக்கும்!

மேலே சொன்ன குடும்பத்திலும் அப்படித்தான். கட்டுப் பிரித்து, டாக்டர் சரி சொன்ன பிறகு, இருவரும் அடுத்த ஊர்க் களத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது மனைவியும் சுவடு பழகுகிறார். கணவர் மாத்திரை போட மறந்தால், "கம்பு இன்னைக்குக் கிடையாது" என்கிறார்.

நினைவில் வையுங்கள்: உடம்பைச் சோதியுங்கள். களத்தைப் பாருங்கள். இருவரும் பேசுங்கள். பிறகு சேருங்கள்.

மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் கிராம சுகாதார செவிலியரை அணுகுங்கள்.