ஆன்லைன் ஏலத்தில் பழைய ஜீப்: எந்த விலை வரை கேட்கலாம்? எக்ஸெல் சொல்லும்!

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மின்னணு ஏலம் புதிதல்ல. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியம் நடத்தும் ஏலக்காய் ஏலத்தில், வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்துதான் கிலோவுக்கு விலை கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன் மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்துவிடுகிறார்கள். அதே ஊர்க்காரர் இன்டர்நெட்டில் பழைய ஜீப்பையோ காரையோ ஏலம் கேட்கும்போது, பத்துப் போட்டோக்களை மட்டும் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் விலை சொல்லிவிடுகிறார். ஏலத்தில் ஜெயித்த விலையும் வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கிட எக்ஸெல்லில் ஒரு சின்ன ஷீட் போதும். அதை இங்கே பார்ப்போம்.

ஏல விலை சந்தை விலை ஆகுமா?

முதலில் இரண்டு உதாரணங்கள். 2020 செப்டம்பரில் மஹிந்திரா நிறுவனம் புதிய தார் வண்டியின் முதல் எண்ணை ஆன்லைனில் ஏலம் விட்டது. அது 1.11 கோடி ரூபாய்க்குப் போனது. அடுத்த மாதம் அதே மாடலின் விலை ஷோரூமில் 9.80 லட்சத்தில் தொடங்கியது. நற்பணிக்காக நடந்த ஏலம் அது. 'முதல் வண்டி' என்ற பெயருக்குத்தான் அந்த விலை.

இன்னொன்று குருவாயூர் கோயிலுக்குக் காணிக்கையாக வந்த தார். இது ஆன்லைன் ஏலமல்ல, நேரடி ஏலம். 2021 டிசம்பரில் 15 லட்சம் அடிப்படை விலையில் ஏலம் விட்டபோது கேட்டவர் ஒரே ஒருவர், 15.10 லட்சத்தில் முடிந்தது. பிரச்சினை எழுந்து 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தபோது பலர் போட்டியிட்டார்கள். அதே வண்டி 43 லட்சத்துக்குப் போனது. வண்டி மாறவில்லை, கேட்ட ஆட்களின் எண்ணிக்கைதான் மாறியது.

எனவே ஏலத் தளத்தில் 'இதற்கு முன் விற்ற விலை' என்று தெரிவதை அப்படியே நம்பக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார், வெளிநாட்டு சொகுசு கார் போன்றவற்றுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வாங்குபவர்கள் குறைவு என்பதால் அவற்றின் விலை ஏலத்துக்கு ஏலம் பெரிதாக ஏறி இறங்கும்.

முதல் படி: சரியான சந்தை விலை

வண்டி சென்னையில் இருக்கலாம், கோவையில் இருக்கலாம். ஆனால் நாளை நீங்கள் விற்கப் போவது கம்பத்திலோ சின்னமனூரிலோதான். மலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் ஜீப்பில் போய்வரும் இந்தப் பகுதியில் ஜீப்புக்குள்ள மதிப்பு வேறு, தாழ்வான சொகுசு காருக்குள்ள மதிப்பு வேறு. ஆகவே உங்கள் ஊர் விலையை எடுங்கள்.

ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வருடம் உள்ள ஐந்து வண்டிகளின் விலையை விசாரித்து, புதிய ஷீட்டில் டி1 முதல் டி5 வரை டைப் செய்யுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேண்டாம். கைமாறிய விலை வேண்டும். (ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம், கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.)

உதாரணமாக 4,60,000, 4,80,000, 5,00,000, 5,20,000, 8,50,000 என்று வைத்துக்கொள்வோம். =ஆவரேஜ்(டி1:டி5) என்று கொடுத்தால் 5,62,000 வரும். =மீடியன்(டி1:டி5) என்று கொடுத்தால் 5,00,000 வரும். கடைசி வண்டி பெரிய டயர், புது இன்ஜின் என்று செலவழித்து மாற்றிய வண்டியாக இருக்கலாம். அந்த ஒன்று சராசரியை 62,000 ரூபாய் தூக்கிவிட்டது. மீடியன் நடுவில் உள்ள விலையைத் தருவதால் இந்தக் கோளாறு வராது. பழைய வண்டிக்கு எப்போதும் மீடியனையே பயன்படுத்துங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டி என்றால் இன்சூரன்ஸ் கணக்கோடும் ஒப்பிடலாம். வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிர்ணயிக்கும்போது நிறுவன விலையிலிருந்து கழிக்கும் விழுக்காடு இது: 6 மாதம் வரை 5, ஓராண்டு வரை 15, 2 ஆண்டு வரை 20, 3 ஆண்டு வரை 30, 4 ஆண்டு வரை 40, 5 ஆண்டு வரை 50. ஊர் விலை இதிலிருந்து வெகுவாக விலகி இருந்தால் காரணத்தை விசாரியுங்கள்.

இரண்டாம் படி: உச்ச விலை ஷீட்

ஏ காலத்தில் தலைப்புகளையும் பி காலத்தில் தொகைகளையும் டைப் செய்யுங்கள். இவை கற்பனைத் தொகைகள். உங்கள் வண்டிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பி1 – ஊர் விலை: 5,00,000
பி2 – ஏலக் கட்டணம், வரி: 5%
பி3 – ரிப்பேர், டயர், பேட்டரி: 60,000
பி4 – வண்டியைக் கொண்டுவரும் செலவு: 20,000
பி5 – பெயர் மாற்றம், இன்சூரன்ஸ்: 15,000
பி6 – பாக்கி அபராதம்: 5,000
பி7 – எதிர்பாராத செலவுக்கு: 50,000

பி8 செல்லில் =(பி1-சம்(பி3:பி7))/(1+பி2) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 3,33,333 என்று விடை வரும். இதுதான் உங்கள் உச்ச விலை.

ஏலம் நடக்கும்போது அப்போதைய விலையை பி9-ல் டைப் செய்யுங்கள். பி10-ல் =இஃப்(பி9>பி8,"நிறுத்து","தொடரலாம்") என்று கொடுத்துவிட்டால் மீதியை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும்.

'இன்னும் கொஞ்சம்தானே' என்று 3,80,000 வரை போனால் என்ன ஆகும்? கட்டணத்தோடு 3,99,000, மற்ற செலவுகள் 1,00,000, மொத்தம் 4,99,000. ஊரிலேயே ஓட்டிப் பார்த்து 5,00,000-க்கு வாங்கியிருக்கலாம். 1,000 ரூபாய் மிச்சத்துக்காக முழு ரிஸ்க்கையும் தலையில் ஏற்றிக்கொண்டதாக ஆகும்.

மூன்றாம் படி: கேட்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

1. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, பதிவுத் தேதி, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி ஆகியவற்றைப் பாருங்கள். அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

2. அரசுத் துறைகளின் கழிவு வண்டிகள் எம்.எஸ்.டி.சி. தளத்தில் ஏலத்துக்கு வரும். 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது. அப்படிப்பட்ட ஜீப் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது. இரும்பு விலைதான் அதன் விலை.

3. அரசு ஏலத்தில் வாங்கிய வண்டிக்குப் பெயர் மாற்றப் படிவம் 32. அதை 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தனியாரிடம் வாங்கினால் படிவம் 29, 30. வங்கி கைப்பற்றிய வண்டி என்றால் கடன் நீக்கத்துக்கான படிவம் 35 கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

4. இடுக்கியின் கேஎல்-06 வண்டியைத் தேனியின் டிஎன்-60 ஆக்க, அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும்; இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். இந்தத் தொகையை பி5-ல் சேர்க்க மறக்காதீர்கள்.

5. 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்' என்பதுதான் இத்தகைய ஏலங்களின் வழக்கமான நிபந்தனை. 2019-ல் நீரவ் மோடியின் ரோல்ஸ் ராய்ஸ், போர்ஷே கார்களை அமலாக்கத் துறை ஆன்லைனில் ஏலம் விட்டபோதும் காரைப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க முடியாது என்றுதான் விதி. பார்வையிடும் நாளில் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அவர் சொல்லும் தொகையை பி3-ல் போடுங்கள்.

ஏலம் முடியும் நேரத்தில்

பல தளங்களில் கடைசி சில நிமிடங்களுக்குள் யாராவது விலை கேட்டால், முடிவு நேரம் தானாக நீண்டுவிடும். கடைசி நொடியில் கேட்டு ஜெயிக்கும் தந்திரம் அங்கே பலிக்காது. அதிக விலை கேட்டாலும், விற்பவர் ஒப்புதல் தந்த பிறகே வண்டி உங்களுக்கு என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஜெயித்தபின் குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் முன்வைப்புத் தொகை போய்விடும். பணம் கட்டும் முன், தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 'தனி நபர் கணக்குக்கு அனுப்புங்கள்' என்றால் அது ஏமாற்று வேலை.

ஷீட்டைச் சேவ் செய்து, பி8-ல் வந்த தொகையை ஏலம் தொடங்கும் முன்பே வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவையுங்கள். விலை அதைத் தாண்டினால் பிரவுசரை மூடிவிடுங்கள். ஏலத்துக்கு அடுத்த வாரமும் வண்டி வரும். கட்டிய பணம் திரும்பி வராது.