பழைய மெசினுக்குக் குதிரைவலு: கேட்டு வருபவரிடம் பெயர் எடுப்பது எப்படி?

பூநகரியில் கராஜ் போட்டிருக்கும் தம்பிமாருக்கும், போட நினைத்திருப்பவர்களுக்கும் இது. காலபோக உழவு நெருங்கும் ஆவணி, புரட்டாதியில் பழைய உழவு மெசினோடு வருபவர் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "முந்தி மாதிரி இழுக்குதில்லை தம்பி, கொஞ்சம் பவரைக் கூட்டித் தா." இந்த ஒரு வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஊர் உங்களை எடைபோடும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணத்துக் கராஜ்களும் கைக்கெட்டும் தூரம். மறுபக்கம் கிளிநொச்சி. உங்களை விட்டால் ஆளில்லை என்ற காலம் போய்விட்டது.

1. டீசல் பம்பின் திருகாணியைத் தொடாதீர்கள்

டீசலைக் கூட்டிவிட்டால் வலு கூடும் என்பது கஸ்டமரின் நம்பிக்கை. பக்கத்துக் கராஜ்காரர் அதைச் செய்தும் கொடுப்பார். நீங்கள் கணக்குச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, மசி பெர்குசன் 135 புதிதாக இறங்கியபோதே அதன் வலு ஏறத்தாழ 45 குதிரை. மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் அது இழுக்கக்கூடிய காற்று அதிகபட்சம் 2,500 லீற்றர். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். காற்று அதே அளவில் நிற்க டீசலை மட்டும் கூட்டினால் வருவது கொஞ்ச வலு, நிறையக் கரும்புகை, தாங்க முடியாத சூடு. கஸ்டமர் கொஞ்ச நாள் சந்தோஷப்படுவார். பிறகு பிஸ்டன் உருகும், இல்லையென்றால் ஹெட் வெடிக்கும். விதைப்பின் நடுவில் மெசின் வயலில் நிற்கும்போது ஊர் சொல்வது உங்கள் பெயரைத்தான்.

டர்போ பூட்டக் கேட்பவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று கூடும், உண்மை. ஆனால் அந்தப் பிஸ்டனும் கூலிங்கும் கிளட்சும் பின் அச்சும் அந்தச் சுமைக்கென்று செய்யப்படவில்லை. தொலைந்த வலுவைத் தேடி எடுத்துக் கொடுப்பதே உங்கள் தொழில். பழைய மெசின்களில் அது நிறையவே தொலைந்திருக்கும்.

2. ஸ்பனரை எடுக்க முன் அளவெடுங்கள்

கையில் பிடிக்கும் டிஜிட்டல் டக்கோமீற்றர் ஒன்று வாங்குங்கள். உங்கள் முதல் முதலீடு அதுதான். சுமை இல்லாமல் முழு எக்ஸிலேற்றரில் எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். கம்பிகளும் மூட்டுகளும் தேய்ந்து, பம்பின் லீவர் முழுதாகத் திறக்காமலே பல மெசின்கள் ஓடுகின்றன. அதைச் சரிசெய்ய அரை மணித்தியாலம் போதும்.

அடுத்து வயலுக்குப் போங்கள். இதைப் பெரும்பாலான மெக்கானிக்மார் செய்வதில்லை, அதனால்தான் நீங்கள் செய்ய வேண்டும். பின் சில்லில் சோக்கால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்று ஓடவிட்டுத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு உழுதபடி பத்துச் சுற்று. முதலில் 40 மீற்றர், பிறகு 32 மீற்றர் வந்தால் 20 வீதம் சில்லு வழுக்குகிறது என்று அர்த்தம். 15 வீதத்தைத் தாண்டினாலே டீசல் வீண். பலவேளை இஞ்சினில் குறையே இருக்காது. மொட்டை ரயர், போதாத பாரம், தேய்ந்த கொழு, இவைதான் வலுவைத் தின்றிருக்கும். ரயருக்குள் தண்ணீர் நிரப்பியே முடிக்கக்கூடிய பிரச்சினைக்கு இஞ்சினைப் பிரிக்கும் மெக்கானிக்கை யாரும் இரண்டாம் முறை தேடி வரமாட்டார்கள்.

3. புகையை வாசிக்கப் பழகுங்கள்

கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை அல்லது டீசல் கூடிவிட்டது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது.

4. மலிவானதில் தொடங்குங்கள்

எங்கள் பக்கம் மழைக்கு முன் புழுதி உழவு. அதனால் முதல் சந்தேகம் எயார் கிளீனர்மேல். ஒயில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றைக் கஸ்டமரிடமே காட்டுங்கள். கழுவிப் புது ஒயில் விடும் செலவு மிகக் குறைவு, வித்தியாசமோ அன்றைக்கே தெரியும். அடுத்தது டீசல் பில்டர், குழாயில் எயார் பிடிப்பு. அதற்குப் பிறகு வால்வ் இடைவெளி: 135இல் இருக்கும் பேர்கின்ஸ் ஏடி3.152 இஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 12 தௌ. பிறகுதான் நொசில், டைமிங். நொசிலைச் சோதிக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் பம்ப் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் அனுப்பினால் மரியாதை குறையாது.

கடைசியாக கொம்ப்ரெஷன். அது விழுந்திருந்தால் பெரிய வேலை, பெரிய பில். விதைப்புக்கு முன் அதைத் தொடங்க வேண்டுமா என்று வெளிப்படையாகப் பேசி, எழுத்தில் எஸ்டிமேட் கொடுங்கள்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: மண்ணெண்ணெய் கலந்து ஓடினீர்களா? 2022 ஆவணியில் விலை ஏறும்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்தான்; டீசலோ அப்போது 400 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. ஆசை வந்ததில் குற்றமில்லை. ஆனால் இந்த இஞ்சினில் இருக்கும் சிஏவி டிபிஏ டீசல் பம்ப் ஒயிலாகப் பாவிப்பது தன் உள்ளே ஓடும் டீசலையேதான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. உள்பாகங்கள் தேய்ந்தால் சூட்டில் ஸ்டார்ட் பிடிக்காது, வலு இறங்கும்.

5. செய்ததைக் காட்டுங்கள்

ஒவ்வொரு மெசினுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் சுற்று, வழுக்கல், ஒரு ஏக்கருக்கு முடிந்த டீசல். புகையைப் போனில் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் கஸ்டமருக்கு அனுப்புங்கள். அவர் அதை நாலு பேருக்குக் காட்டுவார். சோதித்துப் பார்க்கத் தனிக் கூலி எடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. அனுபவத்தை வைத்துத் திறன் மதிப்பீட்டில் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சேர்டிபிகட் எடுக்கலாம், ஆர்பிஎல் என்பார்கள். செய்த வேலையின் பதிவு இருப்பவர் அங்கே தடுமாற மாட்டார். ஆரம்பத்திலிருந்து முறையாகப் படிக்க நினைப்பவருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

6. இல்லை என்று சொல்ல வேண்டிய இடம்

எல்லாம் சரிபார்த்த பிறகும் அவர் இழுக்க நினைக்கும் ரொட்டவேட்டர் 45 குதிரைக்குப் பெரிதாக இருக்கலாம். கியரைக் குறைத்து, ஆழத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் போதாதென்றால் பெரிய மெசின் ஒன்றை செக்கண்ட் ஹாண்டில் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கப் போகும் நாளில் டக்கோமீற்றரோடு நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பயணத்துக்கும் கூலி உண்டு. அந்த மெசினின் முதல் சேர்விஸும் உங்கள் கராஜுக்குத்தான் வரும்.