உணவில் அளவறிதல்: பசேனதி அரசன் கற்ற பாடம்

தம்ம நூல்களைப் பயில்வோர் பலர், உடல் நலத்தைக் கூறும் பகுதி வருமிடத்து அதனைச் சிறு செய்தியெனக் கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். நிப்பான நெறியை உரைத்த பகவர் ஓர் அரசனுடைய வயிற்றைப் பற்றியும் பேசினார் என்பது அவர்கட்குச் சற்றே நாணம் தருகிறது போலும். சம்யுத்த நிகாயத்துக் கோசல சம்யுத்தத்திலுள்ள துரோணபாகச் சூத்திரம் அத்தகைய பகுதிகளுள் ஒன்று. ஒரு பக்கத்துள் அடங்கும் இச்சிறு சூத்திரத்தையே இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

கோசல நாட்டு வேந்தனாகிய பசேனதி, ஒவ்வொரு வேளையும் ஒரு துரோண அளவு அரிசிச் சோறு உண்பவன். ஒரு நாள் அவ்வாறு உண்டபின், சாவத்தி நகரில் தங்கியிருந்த பகவரைக் காண மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, வணங்கி ஒருபுறம் அமர்ந்தான். உறக்கம் தாங்காமல் இப்புறமும் அப்புறமும் சாய்ந்தாடினான் என்று உரையாசிரியர் சேர்த்துக் கூறுவர். பகவர் அவன் நிலையைக் கண்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எப்போதும் நினைவோடிருந்து, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்குத் துன்பங்கள் மெலியும், மூப்பு மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்னும் பொருளுடைய ஒரு காதையை மட்டும் மொழிந்தார்.

அரசனுக்குப் பின்னால் சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் நின்றிருந்தான். (உத்தரன் என்று பெயர் கூறும் உரையும் உண்டு.) அரசன் அவனை நோக்கி, இக்காதையை மனப்பாடம் செய்துகொள்க, நான் உண்ணுந்தோறும் எனக்குச் சொல்லுக, அதற்காக நாள்தோறும் 100 கஹாபணம் நிலையாகத் தருவேன் என்றான். இளைஞன் அவ்வாறே செய்துவந்தான். அரசனுடைய உணவும் படிப்படியாகக் குறைந்து, மிகுதியாயின் ஒரு நாழி அரிசிச் சோறு என்னும் அளவில் வந்து நின்றது.

இங்கே அளவைகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். நான்கு நாழி ஓர் ஆள்ஹகம், நான்கு ஆள்ஹகம் ஒரு துரோணம் என்பது பாலி நூல் வழங்கும் பழைய வாய்பாடு. அதன்படி அரசன் தன் உணவைப் பதினாறில் ஒரு பங்காக்கிவிட்டான். மகத நாழியும் நம் நாட்டு நாழியும் ஒரே கொள்ளளவுடையன என்று கொள்ளவேண்டா. ஆயினும் நாழி என்ற சொல்லைக் கண்டதும் தமிழ் பயின்றார்க்குப் புறநானூற்றின் 189ஆம் பாட்டு நினைவுக்கு வரும். உலகாளும் வேந்தனாயினும் இரவிலும் விலங்கின்பின் அலையும் வேட்டுவனாயினும் உணவுக்கு வேண்டும் அளவு அதுவே என்று நக்கீரனார் அங்குக் கூறுகிறார். கோசலத்து அரசன் உண்டு உண்டு வந்து சேர்ந்த இடமும் அதுவே.

இச்சூத்திரத்தில் யாம் பெரிதும் மதிப்பது அரசன் செய்துகொண்ட ஏற்பாட்டை. ‘இன்று முதல் குறைத்து உண்பேன்’ என்று அவன் சூளுரைக்கவில்லை. தட்டின் முன் அமர்ந்த மனிதன் தட்டை விட்டெழுந்த மனிதன் அல்லன் என்பதை அவன் அறிந்திருந்தான். பகவர் முன்னிலையில் தோன்றிய தெளிவு சோற்றின் மணம் எழும்போது நில்லாது என்று தன்னைத் தானே ஐயுற்றான். ஆகவே அத்தெளிவை மற்றொருவன் வாயில் அடைக்கலமாக வைத்து, வேளைதோறும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அளவிறந்து உண்ண எந்த அரச பதவி அவனுக்கு இடம் கொடுத்ததோ, அந்தப் பதவியின் பொருளையே நினைவூட்டுவார்க்குக் கூலியாக்கினான். மன உறுதி என்று நாம் புகழ்வதிற் பெரும்பகுதி இத்தகைய முன்னேற்பாடே என்பது எமது கருத்து.

எப்போது அக்காதையைச் சொல்வது என்பதற்கு உரை நுட்பமான விடை தருகிறது. உண்ணத் தொடங்கும்போதும் சொல்லலாகாது, இடையிலும் சொல்லலாகாது. கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கும்போது சொல்லவேண்டும். அரசன் கேட்டு அக்கவளத்தை விட்டுவிடுவான். விட்ட கவளத்தில் எத்தனை பருக்கை இருந்தனவோ, அத்தனை அரிசி மறுவேளை உலையில் குறைக்கப்படும். அவ்வேளையும் கடைசிக் கவளம் ஒன்று இருக்குமன்றோ? அதுவும் அவ்வாறே குறையும். மூலத்தில் இவ்விவரம் இல்லை. ஆயினும் சமையற்கட்டை நன்கறிந்த ஒருவர் எழுதியதாகவே தோன்றுகிறது. வயிறு ஒரு துரோணத்திற்கு விரிந்த ஒருவனை ஒரே நாளில் நாழிக்கு இறக்கினால் மூன்றாம் நாள் அவன் பானையோடு உண்பான்.

பகவர் தம் பிக்குகளையும் இம்முறையிலேயே பழக்கினார். மச்சிம நிகாயத்து லடுகிகோபம சூத்திரத்தில் உதாயி தேரர் பழைய நாட்களை நினைவுகூர்கிறார். முன்பெல்லாம் காலையிலும் பகலில் அகாலத்திலும் மாலையிலும் உண்டு வந்தார்களாம். பகவர் முதலில் பகலில் அகாலத்தில் உண்பதை விடச் சொன்னார். பின்னர் ஒரு காலத்தில் இரவுணவை விடச் சொன்னார். விட்டபோது வருத்தமாயிருந்தது என்பதை உதாயி மறைக்கவில்லை. மற்றொரு பக்கம், உருவேலையில் எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து அவ்வழி பயனற்றதெனக் கண்டு மீண்டவரும் அதே பகவர்தாம். எனவே உபோசத நாளில் நண்பகலுக்குமேல் உண்ணாமலிருந்து மறுநாட் காலையில் இருமடங்கு உண்பவர், சீலத்தைக் காத்திருக்கலாம், அளவறிந்தவராகார்.

இனி, நம்முள் சிலர் உள்ளத்தில் எழும் ஒரு கேள்வியை மறைத்துவைத்துப் பயனில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியின் முன் நின்றவர் யாருடைய முன்னோர்? களத்து நெல்லை அடித்துக் கொடுத்துவிட்டுக் கூழுக்கு ஏங்கியவர் யார்? மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்ணும் தலைமுறை நம் குடும்பங்களிற் பலவற்றில் இதுதான் முதலாவது அல்லது இரண்டாவது. அவர்களிடம் போய்க் குறைத்து உண் என்பதா? ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்’ என்று பேரனை வற்புறுத்தும் பாட்டியின் குரலில் இருப்பது அறியாமையன்று, பழைய பசி.

இக்கேள்விக்குத் தம்மபதமே விடை வைத்திருக்கிறது. பசேனதி மெலிந்து மகிழ்ந்து வந்தபோது கூறியதாக உரை குறிப்பது 204ஆம் காதை. உடல் நலமே பேற்றுள் உயர்ந்தது என்பது அதன் கருத்து. அதற்கு நேர்முன் நிற்கும் 203ஆம் காதையோ பசியே நோய்களுள் கொடியது என்கிறது. அதன் வரலாறு இது: ஆளவியில் ஓர் ஏழை உழவன் காணாமற்போன எருதைத் தேடிவிட்டுக் களைத்துப் பசியோடு உபதேசம் கேட்க வந்தான். முப்பது யோசனை தூரம் கடந்து வந்திருந்த பகவர், அவனுக்கு முதலில் உணவிடச் செய்து, அவன் உண்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பின்னரே தம்மம் உரைத்தார். அரசனிடம் குறைக்கச் சொன்னவரும் ஏழைக்குச் சோறிட்டவரும் ஒருவரே. அளவறிதல் என்பது குறைத்தல் மட்டுமன்று. மெலிந்த பிள்ளைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அளவறிதல் என்றால் இன்னும் ஒரு கரண்டி இடுவதே.

ஆனால் பழைய பசி உடலிலும் தன் தடத்தை விட்டுச் செல்கிறது என்று மருத்துவர் கூறுகின்றனர். எடை குறைந்து பிறந்தவர்கட்குப் பிற்காலத்தில் உடல் பெருக்குமானால் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. நம் நாட்டினர்க்குப் பார்வைக்கு மெலிந்திருந்தும் வயிற்றுப்பகுதியில் கொழுப்புச் சேர்வதுண்டு. ஆகவே இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைக் கடந்தாலே எச்சரிக்கை என்கின்றனர். இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடி மக்களுக்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பாட்டன் பட்டினியால் இழந்ததைப் பேரன் மிகையூணால் இழக்கவேண்டுமென்னும் நியதி ஏதுமில்லை.

மாற்றம் பயன் தரும் என்பதற்கும் சான்றுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2006இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், உணவைத் திருத்தி நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடந்தவரிடையே நோய் வருவது மூன்றாண்டில் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதே இப்பயன் கிட்டியது என்பதை எடைப்பொறியின்மேல் ஏறி மனம் தளர்பவர்கள் நினைவிற் கொள்க. எடை இறங்க இறங்க உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசியும் மிகுகிறது. அதனால் சில மாதங்களில் இறக்கம் நின்றுபோகும். நின்றவுடன் பழைய உணவுக்குத் திரும்பினால் போனது மீளும். பசேனதி நாழியை அடைந்தபின் துரோணத்திற்குத் திரும்பவில்லை. அளவு அங்கேயே நிலைபெற்றது என்றுதான் சூத்திரம் சொல்லுகிறது.

வீட்டில் இதனை எவ்வாறு பழகுவது? 150 கிராம் சோற்றைக் குறைத்தால் ஏறத்தாழ 200 கலோரி குறையும். அவ்விடத்தில் கீரையோ காயோ பயறோ வரட்டும். இலை வெறிச்சென்று தோன்றினால் மனம் கலகம் செய்யும். தட்டில் இட்டதை ஒதுக்குவதினும் உலையிற் குறைப்பது மேல். உரையில் அரிசியைத்தான் குறைத்தார்கள், எச்சில் சோற்றை வீசவில்லை. நமக்குச் சுதஸ்ஸனன் இல்லையே எனலாம். மனைவியோ கணவனோ மகளோ அப்பணியைச் செய்யலாம், கூலி வேண்டா. ஆனால் சுதஸ்ஸனன் காதையைச் சொன்னானேயன்றி, உறவினர் நடுவில் அரசனுடைய தொந்தியைச் சுட்டி நகைக்கவில்லை. நாணப்படுத்தப்பட்டவன் மறைவில் உண்பான். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது. சருக்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

சூத்திரத்தின் இறுதியில் அரசன், மெலிந்த தன் உறுப்புகளைக் கையால் தடவிப் பார்த்து, பகவர் இம்மைப் பயன், மறுமைப் பயன் ஆகிய இரண்டாலும் தனக்கு இரங்கினார் என்று மகிழ்ந்துரைக்கிறான். அவனை மீண்டும் மச்சிம நிகாயத்துத் தம்மசேதிய சூத்திரத்தில் காண்கிறோம். பகவருக்கும் எண்பது, எனக்கும் எண்பது என்று அவனே அங்குக் கூறுகிறான். தேர் செல்லுமளவும் தேரிற் சென்று, பின் இறங்கி, சோலைக்குள் கால்நடையாகவே போய், மூடியிருந்த கதவருகே நின்று மெல்ல இருமித் தாழைத் தட்டுகிறான். கதவு திறந்ததும் குனிந்து பகவருடைய பாதங்களைத் தொட்டு முத்தமிடுகிறான்.