பிளேட் கூட்டினால் பாரம் கூட்டலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

காசிமேட்டில் மீன் ஏற்றும் உங்கள் வீட்டு பிக்கப் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது, மெக்கானிக் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டு, ஆக்ஸிலுக்கு மேலே பிளாக் வைத்துத் தூக்கித் தருகிறேன் என்கிறார், "அப்புறம் இன்னும் 500 கிலோ ஏற்றலாம்தானே சார்?" என்று எழுதியிருந்தாய். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பட்டறைக்குப் பட்டறை இதே பேச்சுதான். டிப்ளமோ படிக்கும் நீயுமா?

ஏற்றக் கூடாது. ஸ்பிரிங் வண்டியின் உடலைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை. ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை பிளேட் போட்டதால் ஒரு கிலோகூட உயராது. அதை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. உனக்கு நான் சட்டம் சொல்ல வரவில்லை, கணக்குச் சொல்ல வந்தேன்.

பழைய ஸ்பிரிங் கட்டில் 8 மி.மீ. பிளேட்டுகள். மெக்கானிக் கைவசம் இருப்பது 12 மி.மீ. தடியாக இருப்பதால் நன்றாகத் தாங்கும் என்று நினைக்கிறீர்கள். விறைப்பு தடிமனின் கனத்தோடு உயரும் என்று படித்திருக்கிறாய். அப்படியானால் அந்த ஒரு பிளேட் மட்டும் பழைய பிளேட் ஒன்றைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு விறைப்பு. வலிமையோ தடிமனின் வர்க்கத்தோடுதான் உயரும், அதாவது இரண்டேகால் மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் விபத்து காத்திருக்கிறது. கட்டில் உள்ள பிளேட்டுகள் எல்லாம் சேர்ந்தே வளைகின்றன. ஒரே வளைவுக்குத் தடித்த பிளேட்டில் தகைவு ஒன்றரை மடங்கு. ஆகவே பலமானது என்று நம்பிப் போட்ட பிளேட்தான் முதலில் கட் ஆகும். அது போனதும் அதன் சுமை முழுவதும் ஒரே நொடியில் மற்றவற்றின் தலையில் விழும்.

வலிமை தடிமனின் வர்க்கத்தோடு உயரும் என்பதைக் கலிலியோ 1638இலேயே எழுதிவிட்டார். வீட்டுக் காவலில் இருந்த கிழவரின் அந்தக் கடைசிப் புத்தகம், இரண்டு புதிய அறிவியல்களைப் பற்றியது, லைடனில் அச்சானது. கன்னிமாரா நூலகத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தபோது விட்டத்தைப் பற்றிப் படிக்கத்தான் உட்கார்ந்தேன்; பெரிய விலங்குக்கு ஏன் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்க வேண்டும் என்று அவர் வாதிடும் இடத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. விகிதம் மாறாமல் எதையும் பெரிதாக்கிவிட முடியாது என்று அவர் காட்டுகிறார். சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பக்கங்கள். நீயும் படி.

இனி பிரேக். பல சிறு சரக்கு வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே கம்பி இணைத்த ஒரு வால்வு இருக்கும். உடல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அது பாரத்தை அறிகிறது. தாழ்ந்தால் பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். விறைத்த பிளேட்டும் பிளாக்கும் போட்டு உடலைத் தூக்கிவிட்டு, வால்வை மறுபடி சரிசெய்யாமல் விட்டால், முழுப் பாரத்தோடு ஓடும் வண்டியை வெறும் வண்டி என்று அது எடுத்துக்கொள்ளும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக் மிதிக்கும் உன் அப்பாவை நினைத்துப் பார். இதைச் சொல்லாமல் பிளாக் வைப்பவரிடம் வண்டியை விடாதே.

ஐஸ் பெட்டிகளைப் பின்கதவோரம் அடுக்குவதையும் நிறுத்துங்கள். 3 மீட்டர் வீல்பேஸ் வண்டியில், பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால் அந்த ஆக்ஸிலில் 400 கிலோ கூடும். முன்னால் 100 கிலோ குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். பாதி நேரம் பின்பக்கம் தாழ்வதற்கு இதுதான் காரணம். பெட்டியை முன்னால் நகர்த்தக் காசு வேண்டாம்.

அனுமதித்த எடைக்குள்ளேயே தாழ்கிறது என்றால் பிளேட்டுகள் சோர்ந்திருக்கும். ஐஸ் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து துருக்குழி பறிக்கும்; வெடிப்பு அங்கேதான் பிறக்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதே, எஃகின் பதம் போய்விடும். கம்பெனி அளவிலேயே புதுக்கட்டு வாங்கு, ஷேக்கிள் புஷ்ஷையும் யூ-போல்ட்டையும் கூடவே மாற்று; சில நாள் ஓட்டியபின் யூ-போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அதற்கும் மேல் உதவி வேண்டுமென்றால், அந்த வண்டிக்கென்றே செய்த ஹெல்பர் பிளேட் போதும். பாரம் ஏறினால் மட்டும் அது வேலை செய்யும், வெறும் வண்டி குதிக்காது. துறைமுகம் பக்கம் நிற்கும் லாரியின் பின்சக்கரத்தருகே குனிந்து பார், பெரிய கட்டுக்கு மேல் சின்னக் கட்டு தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வண்டிக்கு ஓட்டம் குறையும். வேலையை அப்போது வைத்துக்கொள். அதற்கு முன் வழக்கமான பாரத்தோடு எடைமேடைக்குப் போய், முன் ஆக்ஸிலைத் தனியாகவும் பின் ஆக்ஸிலைத் தனியாகவும் நிறுத்தி எடை எடு. வெறும் வண்டியையும் அதே மாதிரி எடு. நான்கு எண்களையும், ஆர்.சி.யில் உள்ள ஆக்ஸில் எடைகளையும் எழுதி அனுப்பு. அவை கைக்கு வரும்வரை எந்தப் பிளேட் என்று நான் சொல்லப் போவதில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்